இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர்

காலையில் கடையைத் திறப்பது என் வேலை. மருமகள் பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வருவதற்குள் நான் ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, ஒரு சின்ன ஜெபம் பண்ணி, சுவிட்சுகளைப் போட்டு வைத்திருக்க வேண்டும். சங்கரன்கோவிலில் எங்களுடையது போட்டோ கடை. பாஸ்போர்ட் சைஸ் படம், ஜெராக்ஸ், சடங்கு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் பிளக்ஸ். என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போன பிறகு மருமகள் நடத்துகிறாள். மகன் மஸ்கட்டில் இருக்கிறான்.

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் வேதாகமம் வாசிப்பேன். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. வேற்று ஆள் வந்தால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் ஆள் வருவதற்கு முன்னால் உள்ள வேலையெல்லாம் என்னுடையது, வந்த பிறகு உள்ளதெல்லாம் மருமகளுடையது என்று ஆகிப்போயிற்று.

போன வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினோம். எங்களுக்கு அது புதுசு. பழைய பெட்டியில் படங்கள் நிறைந்து, அது திணறத் தொடங்கியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வந்த மெக்கானிக் புதுசை முன்னால் மேஜையில் வைத்தார். பழசைப் பின்னறையில் தரையோடு வைத்து, சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுத்தார். பழசின் திரை அவிந்து போயிருந்ததால் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். "இனி பழசு உங்களுக்குக் கிட்டங்கி மாதிரிக்கா. படம் பூரா அதுல இருக்கும். முன்னால உக்காந்துக்கிட்டே எடுக்கலாம், வைக்கலாம். அதுக்குப் பேரு ஷேரிங்" என்றார். பின்னால் இருக்கிற பெட்டிக்குள் முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கை விடுவது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மருமகள் விட்டாள். ஒரு சில நாள் நன்றாகத்தான் நடந்தது.

பிறகு அவளுக்குப் புதுசுக்குப் பேர் வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. வாங்கி வந்த பெட்டியில் ஏதோ எழுத்தும் நம்பருமாக ஒரு பேர் இருந்ததாம். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கே மாற்றுவது என்று தேடிக் கண்டுபிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மாற்றியிருக்கிறாள். என்ன பேர் என்று என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் அவளால் முடியாது. அது என் வீட்டுக்காரர் பேர்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை. அது வேதத்தில் உள்ள பேர். கோவில் ஆராதனையில் வேதத்துச் சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும்போது அந்தப் பேர் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அது கடந்ததும் மற்றவர்களோடு சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் அது தெரியும். மருமகளுக்கு அவர் மாமனார், அதனால் அவளும் சொல்ல மாட்டாள். மூத்த பேரனுக்கு அவர் பேரைத்தான் வைத்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வைத்த பிறகு வீட்டில் ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிடவில்லை, ராசா என்றுதான் கூப்பிடுகிறோம். பள்ளிக்கூடத்து டீச்சர்தான் முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பழைய கம்ப்யூட்டருக்கு அவரே இருக்கும்போது கடைப் பேரை வைத்தார். கடைப் பேர் என்றாலும் அவர் பேர்தான். புதுசு வந்ததும் அதற்கும் மருமகள் அதையே வைத்துவிட்டாள். பிள்ளைக்கு வைத்த மாதிரி.

மறுநாள் காலையில் சுவிட்ச் போட்டேன். திரை வெளிச்சமானதும் நடுவில் ஒரு கட்டம் எழும்பி நின்றது. உள்ளே இங்கிலீஷ். அதில் ஒரு சொல்லின் உருவம் மட்டும் எனக்குத் தெரிந்தது. எங்கள் கடை போர்டில் தமிழுக்குக் கீழே இங்கிலீஷில் இருக்கிற அதே உருவம். அவர் பேர்.

காலங்காத்தாலே தனியாக இருக்கிற கடையில் கம்ப்யூட்டர் அவர் பேரை எழுதிக் காட்டினால் என்னவென்று நினைக்க? கட்டத்துக்குக் கீழே ஓ.கே. என்று இருந்தது. அது தெரியும். அமுக்கினேன், போய்விட்டது. மருமகளிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னவென்று சொல்ல? பேரையும் சொல்ல முடியாது, மற்றது வாசிக்கவும் தெரியாது.

அதற்கடுத்த நாள் கட்டம் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் வந்தது. நான் என் செய்கைகளையே திருப்பித் திருப்பி யோசித்தேன். ஈரத் தரையில் நின்று சுவிட்ச் போட்டேனா? துடைப்பம் வயரில் பட்டதா? கடைசியில் ஒன்று பிடிபட்டது. பிடிபட்டதும் இன்னும் குழம்பிப் போனேன். ஜெபம் பண்ணிவிட்டு சுவிட்ச் போட்ட நாளில் கட்டம் வருகிறது. சுவிட்ச் போட்டுவிட்டு ஜெபம் பண்ணின நாளில் வரவில்லை. இதை யாரிடம் கேட்க? பாதிரியாரிடம் கேட்கவா, மெக்கானிக்கிடம் கேட்கவா?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் முற்பகலில் அந்த மனிதர் வந்தார். பனவடலிசத்திரம் பக்கத்துக்காரர், ஆடு வைத்திருப்பவர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றார்.

"தாயி, எங்க வீட்டுல உள்ளவளக் காணும்" என்றார்.

மருமகள் எழுந்துவிட்டாள். "என்ன அண்ணாச்சி சொல்லுதீங்க? எப்பயிருந்து?"

"நேத்து காலையில ஆட்டப் பத்திக்கிட்டுப் போனேன். வந்து பாத்தா ஆளு இல்ல. கெணறு, ஓடை, காடு பூரா தேடிட்டோம். ஸ்டேஷன்ல போட்டோ கேக்காங்க. போட்டோ இருந்தாத்தான் மத்த ஊருக்கு அனுப்ப முடியுமாம்."

"வீட்டுல போட்டோ இல்லையா?"

"எங்கயிருந்து வர? அவ போட்டோ எடுத்ததே ஒரு தடவைதான். பென்சனுக்குன்னு இங்கன வந்துதான் எடுத்தோம். அம்புட்டையும் ஆபீஸ்ல வாங்கி ஒட்டிட்டாக." மடியிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார். "இதக் காட்டுனேன். ஏட்டய்யா பாத்துட்டு, ஏய்யா இது ஆம்பளயா பொம்பளயாங்காரு. எனக்கே தெரியல தாயி. கட்டுனவன் நானே தெரியலங்கேன்."

அட்டையில் கறுப்பாக ஒரு நிழல்தான் இருந்தது. சிரிப்பு வரக்கூடிய படம். ஒருவரும் சிரிக்கவில்லை.

"பயப்படாதீங்க. நாங்க எடுத்த படம் எல்லாம் பெட்டியில இருக்கும். ஒரு நிமிசம்" என்று மருமகள் உட்கார்ந்தாள். மவுஸை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினாள். பிறகு கை நின்றுவிட்டது. அவள் முகம் மாறியதை நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"அத்தை, ஒண்ணுமில்ல."

"என்னட்டி ஒண்ணுமில்ல?"

"போல்டர் தொறக்கு. உள்ள காலி. ஒரு படம் கூட இல்ல."

அந்தச் சில நாளில் பழைய படம் கேட்டு யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் புதிதாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அந்தப் படங்களை மருமகள் இன்னும் பின்னால் கொண்டுபோய் வைக்கவில்லை. அதனால் அது எப்போது காலியானது என்று எங்களுக்குத் தெரியாது. ஊரில் பாதிப் பேர் முகம் அதற்குள் இருந்தது. அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு முகம்.

மருமகள் மெக்கானிக்குக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தாள்.

"போல்டர் தொறக்குதுல்லா?" என்றார் அவர். "அப்ப ஷேரிங் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அழிச்சிருப்பீங்க."

"நான் எதுக்குண்ணே அழிக்கேன்? எங்க சோறுல்லா அது."

"பழசுல ஒரு திரைய மாட்டிப் பாருங்க."

"புதுசுல உள்ள திரை அதுல சேராது. வயரு மூக்கு வேற. நீங்கதான சொன்னீங்க?"

"ஆமா. சரி, காலையில ஆன் பண்ணும்போது ஏதாவது மெசேஜ் வருதா?"

"ஒண்ணும் வரல."

நான் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதர் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வருது" என்றேன்.

மருமகள் திரும்பினாள். "என்ன அத்தை வருது?"

"காலையில கட்டம் ஒண்ணு வருது. ஓ.கே. அமுக்குவேன், போயிரும்."

"யாரது பேசுதது?" என்றது போன்.

"எங்க அத்தை."

"அம்மா, அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீசுல இருக்கு."

"ஒரு வார்த்தையாவது தெரியுமா?"

"பேரு இருக்கு."

"என்ன பேரு?"

நான் மெஷின் மூடியைத் துடைத்தேன்.

"அம்மா, சத்தம் வரல. என்ன பேரு?"

"அவுக பேரு."

"எவுக பேரு?"

"இவ மாமனாரு பேரு."

"சரி, அக்கா நீங்க சொல்லுங்க. உங்க மாமனார் பேரு என்ன?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "கடைப் பேருதான் அண்ணே" என்றாள்.

"கடைப் பேரு என்ன? நான் சங்கரன்கோவில் போட்டோ கடைன்னுல்லா நம்பரப் போட்டு வச்சிருக்கேன்."

"வாட்சப்புல எழுதி அனுப்பட்டா?"

"பேரச் சொல்லுததுக்கு வாட்சப்பா? என்னக்கா வெளையாடுதீங்க?"

ஆட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "பேருதான வேணும்? போர்டுல இருக்குல்லா?" என்று வாசலில் இறங்கினார். ரோட்டில் நின்று தலையைத் தூக்கி, எங்கள் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தார். பஸ் சத்தத்துக்கு மேலாக, போனுக்குக் கேட்க வேண்டும் என்று, தொண்டையைத் திறந்து வாசித்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது. பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தடவை, ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி உரக்கச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கடையில் அந்தப் பேரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வருகிறவர்கள் அண்ணாச்சி கடை என்பார்கள். நான் குனிந்து ஜெராக்ஸ் தாளை அடுக்கினேன். அது முதலிலேயே அடுக்கித்தான் இருந்தது.

"கேட்டிச்சு, கேட்டிச்சு" என்றார் மெக்கானிக். "அது பழைய பெட்டி பேரு. புதுசுக்கு என்ன பேரு?"

"அதேதான்" என்றாள் மருமகள்.

"அதேதான்னா?"

"புதுசுக்கும் மாமா பேருதான் வச்சேன். ஞாயித்துக்கிழமை."

போனில் அவர் சிரித்தாரா, தலையில் அடித்துக்கொண்டாரா தெரியவில்லை, ஒரு மாதிரிச் சத்தம் வந்தது. "யக்கா! ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா எப்படி? நீங்க அந்தப் பேரச் சொல்லிப் படம் கேட்டா, புதுசு நான்தான அதுன்னு அது மடியத் தொறந்து காட்டுது. அது மடியில என்ன இருக்கும்? அது நேத்துப் பொறந்தது. படம் பூரா பின்னால கெடக்கவரு மடியில பத்திரமா இருக்கு."

"அப்ப அழியலையா?"

"அழியல. அந்தக் கட்டமும் அதுதான். இந்தப் பேருல ஒருத்தன் ஏற்கெனவே இருக்கான்னு ரெண்டாவதா முழிக்கது சொல்லும். அம்மா, காலையில எந்தச் சுவிட்ச முதல்ல போடுவீங்க?"

"ஜெபம் பண்ணுனா பின்னால உள்ளத. இல்லேன்னா முன்னால உள்ளத."

வேதவசனம் எழுதின பலகை பின்னறையில்தான் தொங்குகிறது. முதலில் ஜெபம் என்றால் நான் அங்கே போய்விடுவேன், கைக்கு எட்டின பழைய பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு வருவேன். வேலை கிடந்தால் முன்னால் உள்ளதைப் போட்டுவிட்டுப் பிறகு ஜெபத்துக்குப் போவேன். புதுசு இரண்டாவதாக முழித்தால் கட்டம் எனக்குத் தெரியும். பழசு இரண்டாவதாக முழித்தால் அது சொல்வதைப் பார்க்க அதற்குத் திரை இல்லை. இதெல்லாம் மருமகள் பிற்பாடு விளக்கிச் சொன்னது. அன்றைக்கு மெக்கானிக், "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கும் எனக்கு இது முழுசாக மனசில் ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் படுத்துத் தூங்கினார்கள். ஒரு நாளும் ஒருவர் சாமான் ஒருவரிடம் போய்த் தொலைந்ததில்லை. இதை மருமகளிடம் சொன்னேன். அவள், "நாமதான் ரெண்டு பேரையும் பேரச் சொல்லிக் கூப்பிடலையே அத்தை. இது பேரச் சொல்லி மட்டுந்தான கூப்பிடும்" என்றாள். அப்படியும் இருக்கலாம்.

மெக்கானிக் புதுசின் பேரை உடனே மாற்றச் சொன்னார். "என்ன பேரு வைக்க?" என்றாள் மருமகள், கையை எடுத்துக்கொண்டு. "என்னத்தையாவது வையிங்கக்கா. கடைன்னு வையிங்க. ஆனா வேற யாருக்கும் உள்ள பேரு வேண்டாம்." அவள் கடை என்று அடித்தாள். எதையோ நீக்குகிற மாதிரி அவளுக்குச் சங்கடமாக இருந்தது என்று நினைக்கிறேன். பழசில் அது இருக்கிறது, இருக்கட்டும் என்று நான் சொல்லவில்லை, மனசில் நினைத்தேன்.

அணைத்துப் போட வேண்டும் என்றார். அந்தப் பெட்டி அணைந்து முழிப்பதற்கு அவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். ஆட்டுக்காரர் உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "ஒரு வாய் குடிங்க" என்றேன். "அவ குடிச்சாளோ என்னமோ" என்றார்.

திரை வந்தது. கட்டம் வரவில்லை. மருமகள் போல்டரைத் திறந்தாள். சின்னச் சின்ன முகங்கள் வரிசையாக இறங்கத் தொடங்கின. நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்த முகங்கள், ஒருவரும் சிரிக்காத முகங்கள். பென்சனுக்கு எடுத்த கிழவிகள் அத்தனை பேரும் ஒரு சாயல்.

"மெதுவாப் போ தாயி. இது இல்ல. இது இல்ல. இதும் இல்ல" என்று அவர் திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நில்லு. திரும்பப் போ" என்றார். முதலில் இல்லை என்று தள்ளின முகத்தில் விரலை வைத்தார். "இவதான். தலை சீவியிருக்கால்லா, அதான் தெரியல."

மருமகள் படத்தை எடுத்துக் கொடுத்தாள். போனிலும் அனுப்பினாள். கல்யாண வீட்டுக்காரர்கள், பூக்கடைக்காரர்கள், கோவில் வாலிபர் சங்கம் என்று அவளுக்கு எத்தனையோ குரூப். காணவில்லை என்று எழுதி எல்லாவற்றிலும் போட்டாள். அவர் படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்துப் பார்த்து, மறுபடியும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அன்றைக்கு மத்தியானம் போன் அடிக்கும்போதெல்லாம் மருமகள் முகத்தைப் பார்த்தேன். கிணறு என்று அவர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

சாயங்காலம் சிவகிரியிலிருந்து ஒருத்தர் கூப்பிட்டார். யார் யாருக்கோ போய், அவர் வீட்டுப் பெண்களுக்குப் படம் கிடைத்திருக்கிறது. "இந்தம்மாவா? இவுக எங்க அடுத்த வீட்டுலல்லா மொச்சை உரிச்சிக்கிட்டு இருக்காக. தங்கச்சி வீடாம். நேத்துலயிருந்து இங்கனதான் இருக்காக."

மருமகள் நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். "தங்கச்சி வீட்டுலயா? ஒருத்தர்ட்டயும் சொல்லாமயா?"

"வீட்டுக்காரரோட சண்டையாம்மா. சொல்லிட்டு வந்தா அது சண்டையா?"

அந்த மனிதர் எங்களிடம் கிணற்றைச் சொன்னார், ஓடையைச் சொன்னார். சண்டையைச் சொல்லவில்லை. தங்கச்சியிடம் கேட்கவும் ரோஷம் விடவில்லை போலிருக்கிறது. எனக்குக் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று தெரியவில்லை. ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டொரு நாள் கழித்து அந்த அம்மாவே கடைக்கு வந்தார். பின்னால் கொஞ்சம் தள்ளி ஆட்டுக்காரர் வந்தார். மருமகள் வாங்க என்பதற்குள் அந்த அம்மா கேட்டார், "எந்தப் பெட்டியில என் மூஞ்சி இருக்கு?"

"பின்னால உள்ளதுல."

"அத அழிச்சிரு தாயி. சிவகிரியில ஒரு பயபுள்ள பாக்கியில்லாம பாத்துட்டு. பஸ்ஸுல கண்டக்டரு கேக்கான், காணாமப் போனது நீதானாங்கான்."

"அழிக்காத தாயி" என்றார் அவர் வாசலில் இருந்து. "இன்னொரு தடவை போனான்னா நான் எங்க போய்ப் படத்துக்கு நிக்க?"

"போவேன்தான். நீரு அப்படிப் பேசும், நான் போவேன்தான்."

"நான் என்ன பேசுனேன்? ஆடு மெலிஞ்சிருக்குன்னேன்."

"ஆடு மெலிஞ்சது தெரியுது. கூட இருக்கவ மெலிஞ்சது தெரியுதா? போட்டோவப் பாத்துட்டு இவ இல்லன்னீராமே!"

அதை யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை. மருமகளும் இல்லை என்கிறாள். அவரே சொல்லியிருக்க வேண்டும்.

மருமகள் என்னைப் பார்த்தாள், அழிக்கட்டுமா வேண்டாமா என்கிற மாதிரி. எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவை அந்தப் பெட்டி காலியாக இருந்ததைப் பார்த்தாயிற்று. அதிலிருந்து ஒரு முகத்தை வேண்டுமென்று எடுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அது அந்த அம்மாவின் முகம். நான் யார் சொல்ல?

அந்த அம்மாவே நீலத் துணியை ஒரு தடவை பார்த்தார். "சரி, அது கெடக்கட்டும். வேற ஒண்ணு எடு. இனிமே காணாமப் போனா இதத்தான் போடணும், அதப் போடக் கூடாது" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "நீரு வெளிய நில்லும். நீரு நின்னா எனக்கு மூஞ்சி கோணும்" என்றார்.

அவர் ரோட்டில் இறங்கி எங்கள் போர்டுக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சீப்பும் பவுடரும் எடுத்துக் கொடுத்தேன். சீப்பை வாங்கவில்லை. "போன தடவை சீவித்தான கெட்டுது" என்று பவுடரை மட்டும் போட்டுக்கொண்டு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். நீலத் துணியில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை இழுத்துவிட்டேன்.

மருமகள் கேமராவைத் தூக்கியதும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தி, என்னிடம் கேட்டார், "சிரிக்கலாமா மதினி? போன தடவை கவர்மெண்டுக்குச் சிரிக்கக் கூடாதுன்னு உங்க மருமக சொல்லிச்சு."

வந்த ஆளுக்குப் பதில் சொல்வது மருமகள் வேலை. ஆனால் அவள் ஒரு கண்ணை மூடிக் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது கவர்மெண்டுக்கு இல்ல. சிரிங்க" என்றேன்.